பழக்கமும் தனித்துவமும்: தமிழ் ஆட்சிமொழியில் முதலெழுத்துச் சுருக்கங்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில அரசு நடைக் கையேடுகள், பலரும் அறிந்த சுருக்கப்பெயர்களைப் பெரிய எழுத்துகளால் எழுதலாம் என்றும் அவற்றிற்கு விரிவு தரவேண்டியதில்லை என்றும் விதிக்கின்றன. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு தமிழ் வரிவடிவத்தில் இல்லை. ஆங்கில எழுத்துப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒலிப்பு வேறுபாடும் மறைகிறது. இந்நிலையில் ‘பழகிய சுருக்கம்’ என்னும் அளவுகோலைத் தமிழ் ஆட்சிமொழிக்கு அப்படியே பொருத்துவது பிழையான விளைவைத் தரும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று இடங்களின் வழக்குகளை ஒப்பிட்டு, ஒரு சுருக்கம் ஒரே பொருளைச் சுட்டுகிறதா என்பதே தமிழுக்குரிய அளவுகோல் என்று முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்சித்தமிழ், முதலெழுத்துச் சுருக்கம், நடைக் கையேடு, ஒலிபெயர்ப்பு, நிறுத்தக்குறி.

1. முன்னுரை

சென்னையின் தென்பகுதியில் பதிவாகும் வாகனங்களுக்குரிய ‘டி.என். 07’ என்னும் குறியீடு, திருவான்மியூரிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு உரியது. அந்த அலுவலகத்தையும் அதன் தலைமை அலுவலரையும் மக்கள் ‘ஆர்.டி.ஓ.’ என்றே அழைக்கின்றனர். அதே திருவான்மியூர், தென் சென்னை வருவாய்க் கோட்டத்திற்குள் அடங்கும். அக்கோட்டத்தின் வருவாய்க் கோட்டாட்சியரையும் மக்கள் ‘ஆர்.டி.ஓ.’ என்றே குறிப்பிடுகின்றனர். ஆகவே ‘தென் சென்னை ஆர்.டி.ஓ.’ என்று தமிழில் எழுதப்பட்ட தொடர், இரு வேறு துறைகளைச் சேர்ந்த இரு வேறு அலுவலர்களுள் எவரையும் குறிக்கலாம். ஒருவர் ஓட்டுநர் உரிமம் வழங்குபவர். மற்றவர் வருவாய் நிருவாகமும் நிர்வாக நடுவர் அதிகாரமும் உடையவர்.

ஆங்கிலத்தில் இவ்விரு சுருக்கங்களும் ஒன்றல்ல. ஒன்றின் நடுவெழுத்து ஆங்கில நெடுங்கணக்கின் 20ஆம் எழுத்து; மற்றதன் நடுவெழுத்து 4ஆம் எழுத்து. பேச்சிலும் ஆங்கில ஒலிப்புக்குப் பழகியவர்கள் இவற்றை வேறுபடுத்தியே ஒலிக்கின்றனர். வேறுபாடு அழிவது தமிழ் எழுத்தில் மட்டுமே. பேச்சில் மயங்கும் சொற்களை எழுத்து பிரித்துக் காட்டுவதே பொதுவான நிலை. இங்கு அந்நிலை தலைகீழாகிறது.

இம்மயக்கம் பொருட்படுத்தத் தக்கதா என்று வினவலாம். திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் ஐயத்திற்குரிய முறையில் இறந்தால் நிர்வாக நடுவர் விசாரணை நடத்துவது சட்டவழி வந்த நடைமுறை. தமிழ்நாட்டில் அவ்விசாரணையை வருவாய்க் கோட்டாட்சியர் நடத்துகிறார். நாளிதழ்ச் செய்தியில் அது ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று வருகிறது. பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வழங்குபவரும் கோட்ட அளவிலான அவ்வலுவலரே. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன்கீழ் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரும் முதியவர் அணுகவேண்டிய தீர்ப்பாயமும் அவர் தலைமையில் இயங்குவது. இத்தகைய மனுதாரர்களுள் பலர் அரசு அலுவலகத்தை முதன்முறையாக நாடுபவர்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பிறர் சொல்லிக் குறித்துக்கொண்ட மூன்றெழுத்துச் சுருக்கமே.

2. பெரிய எழுத்தின் பணி

ஆங்கில நடைக் கையேடுகள் சுருக்கப்பெயர்களைக் குறித்து இரண்டு வினாக்களுக்கு விடை தேடுகின்றன. முதலாவது, எப்படி எழுதுவது. இரண்டாவது, எப்போது விரித்து எழுதுவது.

முதல் வினாவிற்கான விடைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. பிரித்தானிய அரசின் இணையதள நடைக் கையேடு சுருக்கப்பெயர்களில் புள்ளி இடுவதை விலக்குகிறது. அமெரிக்க அரசு வெளியீட்டு அலுவலகத்தின் நடைக் கையேடு நாட்டின் பெயர்ச் சுருக்கத்தில் புள்ளியைத் தக்கவைத்துள்ளது. ஆஸ்திரேலிய வழக்கில் ‘ஆன்சாக்’ போலச் சொல்லாகவே ஒலிக்கப்படும் சுருக்கத்தில் முதலெழுத்து மட்டும் பெரிதாகிறது. வேறுபாடுகள் இருப்பினும், ‘இது சாதாரணச் சொல் அன்று, சுருக்கம்’ என்று கண்ணுக்குக் காட்டும் பொறுப்பைப் பெரிய எழுத்து ஏற்கிறது என்பதில் இவை அனைத்தும் உடன்படுகின்றன. எழுத்து எழுத்தாக ஒலிப்பதற்கும் சொல்லாக ஒலிப்பதற்கும் இடையிலான வேற்றுமையைக்கூட ஆங்கிலம் பெரிய எழுத்துகளின் எண்ணிக்கையால் காட்டவல்லது.

இரண்டாம் வினாவிற்குப் பழக்கமே விடையாகிறது. பிரித்தானியக் கையேட்டின்படி ஒரு சுருக்கத்தை முதன்முறை பயன்படுத்தும்போது விரித்து எழுதவேண்டும். நன்கு அறியப்பட்டவற்றிற்கு மட்டும் விலக்கு உண்டு. நன்கு அறியப்பட்டது என்று கோருவோர், மக்களில் 80 விழுக்காட்டினர் அதைப் புரிந்துகொண்டு பயன்படுத்துகின்றனர் என்பதற்குச் சான்று தரவேண்டும் என்பது அக்கையேட்டின் நிலைப்பாடு. எழுதுபவரின் ஊகத்திற்கு இடங்கொடாமல் வாசகரைச் சான்றாகக் கேட்பது இவ்விதியின் சிறப்பு.

ஆனால் இவ்விதிக்கு அடியில் சொல்லப்படாத ஒரு கருதுகோள் உள்ளது. ஒரு சுருக்கம் பழகியிருந்தால் அது ஒரு பொருளோடு பழகியிருக்கும் என்பதே அது. 26 எழுத்துகளும் தத்தம் வடிவில் நிற்கும் வரிவடிவத்தில் இக்கருதுகோள் பெருமளவு செல்லும். தமிழில் ‘ஆர்.டி.ஓ.’ என்பதை 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் அறிந்திருக்கக்கூடும். அந்த அறிவே மயக்கத்திற்கு வித்தாகிறது. வாகன உரிமம் பெற்றவர் அச்சொல்லைக் கண்டவுடன் தாம் அறிந்த அலுவலரை எண்ணுகிறார். ஐயமே எழாததால் விளக்கம் தேடுவதில்லை. அறியாத சுருக்கம் வாசகரை நிறுத்தி விசாரிக்கச் செய்யும். பழகிய சுருக்கம் அவ்வாறு நிறுத்துவதில்லை.

3. 26 எழுத்துப் பெயர்கள் 24 ஆதல்

தமிழ் வல்லின எழுத்துகள் ஒலிப்புடைய ஒலியையும் ஒலிப்பிலா ஒலியையும் ஒரே வடிவத்தால் குறிக்கின்றன. இவ்வியல்பைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் விரிவாக விளக்கியுள்ளார். தமிழ்ச் சொற்களில் இது குறையாவதில்லை. மெல்லினத்தை அடுத்து வருதல், இரட்டித்தல், மொழிமுதலில் வருதல் ஆகிய சூழல்களே ஒலிப்பைத் தீர்மானித்துவிடுகின்றன. வடிவம் சொல்லாததை இடம் சொல்கிறது.

முதலெழுத்துச் சுருக்கத்தில் இந்த ஏற்பாடு செயலற்றுப்போகிறது. ஒவ்வோர் எழுத்துப் பெயரும் தனித்தனியே மொழிமுதலாக நிற்பதால், சூழல் உதவுவதில்லை. அதிலும் டகரம் தமிழ் மரபில் மொழிக்கு முதலாகாத எழுத்து. ஆகவே அவ்விடத்தில் அதன் ஒலி யாது என்பதற்கு மரபிலக்கணத்தில் விதி தேட இயலாது. விளைவாக ஆங்கில நெடுங்கணக்கின் 2ஆம் எழுத்தும் 16ஆம் எழுத்தும் ‘பி’ ஆகின்றன. 4ஆம் எழுத்தும் 20ஆம் எழுத்தும் ‘டி’ ஆகின்றன. 26 எழுத்துப் பெயர்கள் தமிழில் 24 ஆகச் சுருங்குகின்றன.

இரண்டு மட்டுமே குறைகின்றன என்பது சிறிய இழப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சுருக்கத்தில் ‘பி’ அல்லது ‘டி’ வரும் ஒவ்வோர் இடமும் அதன் ஆங்கில மூலங்களின் எண்ணிக்கையை இரட்டிக்கிறது. ‘பி.டி.’ என்பதற்கு நான்கு மூலங்கள் இயலும். அவற்றுள் மூன்று ஒரே பள்ளி வளாகத்தில் வழங்குவதைக் காணலாம். கற்பித்தல் இளநிலைப் பட்டத்தின் பழைய பெயரால் வழங்கும் ‘பி.டி. உதவியாளர்’, அதாவது பட்டதாரி ஆசிரியர். உடற்பயிற்சி தரும் ‘பி.டி. மாஸ்டர்’, அதாவது உடற்கல்வி ஆசிரியர். மேனிலைப் பள்ளியின் ‘பி.டி.’, அதாவது உடற்கல்வி இயக்குநர். ‘டி.பி.’ என்பது காசநோயாகவும் கைப்பேசியின் முகப்புப் படமாகவும் வழங்குகிறது. ‘பி.டி.ஓ.’ வட்டார வளர்ச்சி அலுவலரையும் ‘மறுபக்கம் பார்க்க’ என்னும் குறிப்பையும் தருகிறது. ‘எம்.பி.’ நாடாளுமன்ற உறுப்பினராகவும் கணினிக் கோப்பின் அளவாகவும் நிற்கிறது.

‘ஐ.டி.’ என்பது மேலும் சிக்கலானது. டைடல் பூங்காவை அடுத்த திருவான்மியூர்ப் பகுதியில் ‘ஐ.டி. கம்பெனி’, ‘ஐ.டி. கார்டு’, ‘ஐ.டி. ரெய்டு’ ஆகிய மூன்றும் அன்றாட வழக்குகள். முதலாவது தகவல் தொழில்நுட்பம், இரண்டாவது அடையாளம், மூன்றாவது வருமான வரி. முதலும் மூன்றும் ஆங்கிலத்திலேயே ஒரே வடிவுடையவை. இரண்டாவது மயங்குவது தமிழ் ஒலிபெயர்ப்பால். பின்வரும் பெயர்ச்சொல் பொருளைத் தெளிவாக்குவதால் பேச்சில் இடர் நேர்வதில்லை. படிவத்தின் கட்டத் தலைப்பிலும் கோப்பின் முகப்பிலும் தேடுபொறியின் விடைப்பட்டியலிலும் அவ்வாறு தெளிவாக்கும் சொல் உடன் நிற்பதில்லை. சூழல் பொருளைக் காட்டிவிடும் என்னும் வாதம், சூழலை ஏற்கெனவே அறிந்த அலுவலரின் நிலையிலிருந்து எழுவது. உரையை ஒலியாக்கும் மென்பொருளுக்கும் இதே இடர் உண்டு. எழுத்தில் இல்லாத வேறுபாட்டை அது ஒலியில் மீட்க இயலாது.

4. புள்ளி இடுதலும் விடுதலும்

பெரிய எழுத்தின் பணியைத் தமிழ் அச்சு மரபு புள்ளியிடம் ஒப்படைத்தது. ‘தி.மு.க.’ என்னும் வடிவில் ஒவ்வொரு புள்ளியும், ‘இங்கு ஒரு சொல் முடிக்கப்படாமல் நிற்கிறது’ என்று அறிவிக்கிறது. இக்காலத் தமிழ் இதழ்களில் இதில் ஒருமை இல்லை. தினத்தந்தி ‘தி.மு.க.’ என்றும் தினமணி ‘திமுக’ என்றும் எழுதுகின்றன.

புள்ளி நீங்கியபின் சுருக்கத்தை அடையாளம் காட்டுவது எது? மெய்யெழுத்தை அடுத்து உயிரெழுத்து தனித்து நிற்பது தமிழ் எழுத்து முறைக்கு ஒவ்வாதது. அளபெடை ஒழிந்த இடங்களில் உயிர் மொழியிடையில் வருவதில்லை. ‘எம்எல்ஏ’ என்பதில் இவ்வொழுங்கு இருமுறை மீறப்படுகிறது. அந்த மீறலே வாசகரின் கண்ணுக்கு இது சுருக்கம் என்று உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து செய்யும் பணியைத் தமிழில் மொழியிடை உயிரெழுத்து தற்செயலாகச் செய்கிறது எனலாம். ‘சிபிஐ’, ‘ஐஏஎஸ்’ ஆகியவை புள்ளியின்றியும் இடர் தராமல் வாசிக்கப்படுவதற்கு இது காரணம்.

இத்துணை இல்லாத இடத்தில் புள்ளியை விடுவது பொருளைக் கெடுக்கிறது. ‘பிடி ஆசிரியர்’ என்னும் தொடரில் ‘பிடி’ ஏவல் வினையாகிறது. ‘பி.சி.’ என்பது பிற்படுத்தப்பட்ட வகுப்பையும் காவலரையும் மேசைக் கணினியையும் குறிக்கும். புள்ளி நீங்கிய ‘பிசி’யோ தொல்காப்பியர் வகுத்த இலக்கிய வகைகளுள் ஒன்றாகிய விடுகதையின் பெயர். புள்ளியற்ற வடிவம் நவீனமானது, தேடலுக்கு எளியது என்னும் காரணங்களுக்காக எல்லாச் சுருக்கங்களுக்கும் ஒரே விதியை வகுப்பது தமிழில் பொருந்தாது என்பதற்கு இவை சான்றுகள்.

சொல்லாகவே ஒலிக்கப்படும் சுருக்கங்களின் நிலை வேறு. ‘டாஸ்மாக்’, ‘சிப்காட்’, ‘எல்காட்’, ‘இஸ்ரோ’, ‘யுனெஸ்கோ’ ஆகியவை புள்ளியின்றி எழுதப்பட்டு, ‘டாஸ்மாக்கில்’, ‘இஸ்ரோவின்’ என இயல்பாக வேற்றுமை உருபு ஏற்கின்றன. டாஸ்மாக் என்பது 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது; அதன் விரிவில் மதுவைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லை. எனினும் இன்று அது மதுக்கடையைக் குறிக்கும் பொதுப்பெயராகிவிட்டது. டைடல் என்பதோ டிட்கோ, எல்காட் என்னும் இரு சுருக்கங்களை இணைத்து ஆக்கிய சுருக்கம். இவற்றிற்கு விரிவு தருவதால் வாசகருக்குப் புதிய தெளிவு கிடைப்பதில்லை. இவ்வகையில் மட்டும் ஆங்கிலக் கையேடுகளின் ‘பழக்கம்’ என்னும் அளவுகோல் தமிழிலும் செல்லுபடியாகிறது. ஒவ்வொன்றும் ஒரே பொருளைச் சுட்டுவதே அதற்குக் காரணம்.

5. இலங்கை, சிங்கப்பூர் வழக்குகள்

மேற்கண்ட மயக்கங்களைத் தமிழ் வரிவடிவத்தின் குறையாகக் கருதிவிடலாகாது. இலங்கைத் தமிழ் வழக்கு இதற்குச் சான்று. அங்கு ஆங்கிலத்தின் 20ஆம் எழுத்து ‘ரி’ என்றும் 4ஆம் எழுத்து ‘டி’ என்றும் எழுதப்படுகின்றன. தமிழ்நாட்டில் ‘டி.வி.’ என்பது இலங்கையில் ‘ரி.வி.’, தமிழ்நாட்டில் ‘எல்.டி.டி.ஈ.’ என்று எழுதப்பட்டது இலங்கையில் ‘எல்.ரீ.ரீ.ஈ.’ ஆயிற்று, இலங்கையின் முதல் தலைமை அமைச்சர் பெயரின் முன்னெழுத்தோ ‘டி.எஸ்.’ என்றே நிற்கிறது. ‘ரெலோ’ என்பது சொல்லாக ஒலிக்கப்படும் சுருக்கத்திலும் இம்முறை பின்பற்றப்படுவதைக் காட்டுகிறது. இம்முறைப்படி எழுதினால் போக்குவரத்து அலுவலர் ‘ஆர்.ரி.ஓ.’ ஆவார், கோட்டாட்சியர் ‘ஆர்.டி.ஓ.’ ஆவார். முன்னுரையில் காட்டிய மயக்கம் எழவே எழாது.

ஆயினும் இம்முறையைத் தமிழ்நாட்டில் ஆணையிட்டுப் புகுத்துவது பயன் தராது. இலங்கைத் தமிழின் ஒலிப்பு மரபில் வேரூன்றிய ‘ரி’யைத் தமிழ்நாட்டு வாசகர் ரகரமாகவே வாசிப்பார்; ‘ஆர்.ரி.ஓ.’ அவருக்குப் புதிய புதிராகும். ‘பி’ குறித்த மயக்கமும் இதனால் தீர்வதில்லை. இலங்கை வழக்கிலிருந்து பெறத்தக்கது இவ்வுண்மை: வேறுபாடு மறைவது வரிவடிவத்தால் அன்று, தேர்ந்துகொண்ட ஒலிபெயர்ப்பு மரபால்; மரபு தேர்வுக்கு உட்பட்டது.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்குள்ள ஊடகத் தமிழ் வேறொரு வழியில் செல்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ‘வீவக’ ஆகிறது. மக்கள் செயல் கட்சி ‘மசெக’ ஆகிறது. மத்திய சேம நிதி ‘மசே நிதி’ ஆகிறது. ஆங்கில எழுத்துப் பெயர்களுக்கு மாற்றாகத் தமிழ்ப் பெயரின் முதலெழுத்துகள் புள்ளியின்றிச் சேர்க்கப்பட்டு ‘வீவக வீடு’ எனச் சொல்லாகவே புழங்குகின்றன. ‘மசே நிதி’ என்னும் வடிவம் சிறப்பாகக் கருதத்தக்கது. அடைச்சொற்கள் சுருங்க, தலைச்சொல் முழுமையாக நிற்கிறது. பெயரை முதன்முறை காண்பவருக்கும் அது ஒரு நிதியின் பெயர் என்பது விளங்கிவிடும். இவ்வமைப்பு தமிழ்நாட்டுக்கும் புதிதன்று, ‘தி.மு.கழகம்’, ‘மா.போ.கழகம்’ ஆகியவை இவ்வாறு அமைந்தவையே.

6. தமிழாக்கம் மட்டும் தீர்வாகுமா

தமிழ் முதலெழுத்துகளால் அமையும் சுருக்கத்திற்கு ஓர் இயல்பான வலிமை உண்டு. ஆங்கில முதலெழுத்து தனி ஒலியெழுத்து; தமிழ் முதலெழுத்து பெரும்பாலும் உயிர்மெய். ‘வீ’, ‘வ’, ‘வி’, ‘வே’ ஆகியவை வெவ்வேறு எழுத்துகள். மொழிமுதலாகா எழுத்துகளை நீக்கினாலும், எஞ்சுபவை ஆங்கிலத்தின் 26ஐவிடப் பல மடங்கு மிகுதி. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டும் என்று பிறப்பித்த ஆணை, மொழிப்பற்றின் அடிப்படையில் பேசப்பட்டது. அடையாளத் தெளிவு என்னும் நோக்கிலும் அதற்கு நியாயம் உண்டு. குமரன், கண்ணன் ஆகிய இருவரின் மக்களுக்கும் ஆங்கில முன்னெழுத்துகள் ஒன்றாகவே மயங்கக்கூடும், தமிழில் ‘கு.’, ‘க.’ என அவை பிரிந்து நிற்கும்.

இவ்வலிமையைக் கொண்டு, ஆங்கில வழிச் சுருக்கங்களை நீக்கித் தமிழ்ச் சுருக்கங்களை இட்டால் சிக்கல் தீரும் என்று முடிவு செய்யலாமா? ஒரு சான்று அதனை மறுக்கிறது. வட்டார வளர்ச்சி அலுவலர், வட்ட வழங்கல் அலுவலர் ஆகிய இரு பதவிப் பெயர்களையும் முதலெழுத்துகளால் சுருக்கினால் இரண்டும் ‘வ.வ.அ.’ ஆகின்றன. ஒருவர் ஊரக வளர்ச்சித் துறையினர். மற்றவர் குடும்ப அட்டை, பொது வழங்கல் தொடர்பான பணியினர். இவர்களின் ஆங்கிலச் சுருக்கங்களோ தமிழ் எழுத்திலும் ‘பி.டி.ஓ.’, ‘டி.எஸ்.ஓ.’ எனத் தெளிவாகப் பிரிந்தே நிற்கின்றன. தலைச்சொல்லை விரித்து ‘வ.வ. அலுவலர்’ என்றெழுதினாலும் மயக்கம் நீங்குவதில்லை. ஆக, சுருக்கம் எம்மொழியிலிருந்து வந்தது என்பதைக் கொண்டு அதன் தகுதியை அளக்க இயலாது. தனித்தமிழ் நோக்கும் பழக்கம் என்னும் நோக்கும் இவ்விடத்தில் ஒரே குறையைப் பகிர்கின்றன. இரண்டும் சுருக்கங்களை ஒவ்வொன்றாக மதிப்பிடுகின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நோக்குவதில்லை.

7. திறவுகோல் மரபு

தமிழ் எழுத்து மரபில் சுருக்கம் புதிதன்று. ஆண்டு, மாதம், நாள், வரவு, பற்று, மேற்படி ஆகியவற்றிற்கு ௵, ௴, ௳, ௷, ௶, ௸ ஆகிய குறியீடுகள் கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் வழங்கின. ஒரு குறிக்கு ஒரு பொருள் என்பது அவற்றின் இலக்கணம். இன்று அவை ஒருங்குறியிலும் இடம்பெற்றுள்ளன.

அகராதி மரபும் இவ்வொழுக்கத்தைப் பேணியது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் தான் ஆளும் சுருக்கங்களுக்கு விளக்கப் பட்டியல் தந்தது. திருவான்மியூரிலிருந்து இயங்கிய க்ரியா பதிப்பகத்தின் ‘தற்காலத் தமிழ் அகராதி’ 1992இல் முதற்பதிப்பாகவும் 2008இலும் 2020இலும் விரிவாக்கப் பதிப்புகளாகவும் வெளிவந்தது. ‘பெ.’, ‘வி.’, ‘வ.வ.’ முதலிய சுருக்கங்களை அவ்வகராதி இடையறாது ஆள்கிறது. அவற்றுள் எதையும் வாசகர் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதில்லை; அனைத்திற்கும் விளக்கம் தருகிறது. ஒரு நூலுக்குள் ஒரு சுருக்கம் ஒரு பொருளையே தரும் என்னும் உறுதியை வாசகர் பெறுகிறார்.

அரசு அலுவலகத் தமிழிலும் இதற்கிணையான ஒழுங்கின் கூறுகள் உள்ளன. ‘ந.க. எண்’ நடப்புக் கணக்கு எண்ணையும், ‘ஓ.மு.’ ஓராண்டு முடிவையும், ‘மூ.மு.’ மூன்றாண்டு முடிவையும், ‘நே.மு.க.’ நேர்முகக் கடிதத்தையும் குறிக்கின்றன. ஓகாரமும் ஊகாரமும் வேறுபடுவதால் ‘ஓ.மு.’வும் ‘மூ.மு.’வும் மயங்குவதில்லை. கோப்பு எத்தனை ஆண்டுகள் பாதுகாக்கப்படும் என்பதை எழுத்தர் ஒரு பார்வையில் அறிகிறார். ஆனால் இவ்வொழுங்கு அலுவலகத்திற்குள்ளேயே நின்றுவிடுகிறது. தன் மனுவுக்குரிய விடைக்கடிதத்தின் தலைப்பில் ‘ஓ.மு.’ என்று காணும் குடிமகன், ஓராண்டுக்குப்பின் அக்கோப்பு அழிக்கப்படலாம் என்பதை அறிவதற்கு வழியில்லை. மேல்முறையீடு செய்யவோ, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் நகல் கேட்கவோ எண்ணுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தைத் தொடர்ந்து 1957இல் ஆட்சிச் சொல்லகராதி வெளிவந்தது. ஆங்கில ஆட்சிச்சொற்களுக்குத் தமிழ் நிகரன்கள் நிலைபெற அது பெரிதும் உதவியது. ‘வருவாய்க் கோட்டாட்சியர்’, ‘வட்டாரப் போக்குவரத்து அலுவலர்’ ஆகியவை ஆணைகளிலும் பெயர்ப்பலகைகளிலும் முழுமையாகவே எழுதப்படுகின்றன. மக்கள் நாவிலும் செய்தித்தாளிலும் இருப்பதோ ‘ஆர்.டி.ஓ.’ அலுவலகம் ஆளும் பெயருக்கும் மக்கள் ஆளும் பெயருக்கும் இடையில் ஒரு பாலம் தேவை. சொல்லகராதியின் பணி சொல்லைத் தருவது. வழக்கிலுள்ள சுருக்கத்தோடு அச்சொல்லை இணைத்துக் காட்டுவது நடைக் கையேட்டின் பணி.

அவ்வாறான கையேடு தமிழுக்கென அமையுமாயின், இதுவரை கண்டவற்றிலிருந்து நான்கு நெறிகளை வகுக்கலாம். முதலாவது, சொல்லாக ஒலிக்கப்பட்டு ஒரே பொருள் தரும் சுருக்கங்களைப் புள்ளியின்றியும் விரிவின்றியும் எழுதலாம். இரண்டாவது, ‘பி’, ‘டி’ ஆகிய எழுத்துப் பெயர்களைக் கொண்ட ஆங்கில வழிச் சுருக்கம் எத்துணைப் பழகியதாயினும், ஆவணத்தில் முதன்முறை வருமிடத்தில் ‘வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.)’ என முழுப்பெயரோடு இணைந்தே வரவேண்டும். மூன்றாவது, புதிய தமிழ்ச் சுருக்கங்களை ஆக்கும்போது தலைச்சொல்லை இயன்றவரை முழுமையாக வைத்து, ‘வ.போ. அலுவலர்’, ‘வ.கோ. ஆட்சியர்’ என அமைப்பது நன்று. நான்காவது, எல்லாத் துறைகளின் சுருக்கங்களையும் ஒரே பட்டியலில் தொகுத்து, ஒன்று மற்றொன்றோடு மோதுகிறதா என்று சரிபார்த்தபின் மக்கள் காணுமாறு வெளியிட வேண்டும். ‘வ.வ.அ.’ போன்ற மோதல்கள் நான்காம் நெறியால் மட்டுமே வெளிப்படும் என்பதால், முதல் மூன்றும் அதனைச் சார்ந்தே பயன் தரும்.

இந்நெறிகளுக்கு எதிராக எழக்கூடிய தடை, உரை நீளும் என்பது. ஆவணம் ஒன்றுக்கு ஒருமுறை இரண்டு சொற்கள் கூடுவது எழுதுபவருக்குச் சிறு சுமை. அதனைத் தவிர்ப்பதால், எந்த அலுவலகத்திற்குச் செல்வது என்று கண்டறியும் வேலை வாசகர்மீது விழுகிறது.

8. முடிவுரை

ஆங்கில அரசு நடைக் கையேடுகள் ‘பழகிய சுருக்கம்’ என்னும் சலுகையை வழங்குவது, எழுத்துகளின் வேறுபாட்டை அவ்வரிவடிவம் முன்கூட்டியே காத்துத்தருவதால். தமிழில் அக்காப்பு இல்லை. பெரிய எழுத்துக்கு மாற்றாக வந்த புள்ளி, ‘இது சுருக்கம்’ என்று மட்டுமே சொல்கிறது. எதன் சுருக்கம் என்பதைச் சொல்வதில்லை. இலங்கை வழக்கு, இம்மயக்கம் தவிர்க்கக்கூடியது என்பதைக் காட்டுகிறது. சிங்கப்பூர் வழக்கு, தமிழ் முதலெழுத்துகள் நடைமுறையில் சொல்லாகவே நிலைபெற இயலும் என்பதைக் காட்டுகிறது. ‘வ.வ.அ.’ என்னும் சான்று, தமிழாக்கமும் தானாகத் தெளிவு தராது என்பதைக் காட்டுகிறது. மூன்றையும் ஒருங்கே நோக்குங்கால், ஒரு சுருக்கத்தை எத்தனை பேர் அறிவர் என்பதோடு, அவர்கள் அனைவரும் ஒரே பொருளை அறிவரா என்பதையும் ஆட்சித்தமிழ் கேட்கவேண்டியுள்ளது. அலுவலகக் கோப்பு முறையிலும் அகராதிக் கலையிலும் இதற்கான முன்மாதிரிகள் தமிழிலேயே உள்ளன. எஞ்சியுள்ள பணி, துறைதோறும் சிதறிக்கிடக்கும் சுருக்கங்களைத் தொகுத்து, மோதல் களைந்து, மனுவோடு வருபவர் வாசிக்குமிடத்தில் வைப்பதாகும்.